அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது?

இம்மலருக்குக் கட்டுரை கேட்டு அழைத்த தம்பி, "அக்கா, இலக்கியக் கட்டுரைகள் போதுமான அளவு சேர்ந்துவிட்டன. அறிவியல் சார்ந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார். என்ன எழுதலாம் என்று யோசித்தபோது, பல ஆண்டுகளாக என் மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த ஒரு சொற்போர்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

அப்போது நான் மூன்றாமாண்டு மாணவி. விடுதிகளுக்கிடையிலான தமிழ்ச் சொற்போரின் அரையிறுதிச் சுற்றில் எங்களுக்குக் கிடைத்த தலைப்பு: 'வேற்றுக்கிரகவாசிகள் மனிதர்களைக் கடத்தினர் என்பது நம்பத்தக்கதே'. நாங்கள் எதிரணி. இதைவிட எளிய தலைப்பு கிடைக்குமா என்று மகிழ்ந்தோம். நான் இரண்டாம் பேச்சாளர். அமெரிக்காவில் இப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் தூக்கத்தில் அசைய முடியாமல் கிடந்து அஞ்சியவர்கள், பிறகு அதற்குக் கதை கட்டியவர்கள் என்று ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டேன். வெற்றியும் பெற்றோம்.

முடிந்ததும் மண்டபத்திற்கு வெளியே மீகோரெங்கும் தேநீரும் வைத்திருந்தார்கள். முதலாமாண்டு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "அக்கா, தூக்கத்துல அசைய முடியாதுன்னு சொன்னீங்களே, அது எனக்கும் வருது. நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். கண்ணு தொறந்துதான் இருக்கும், ஆனா கத்த முடியாது" என்றாள். வெற்றிக் களிப்பில் இருந்த நான், "எந்தக் கிரகத்திலிருந்து வந்தாராம்?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தப் பருவம் முழுவதும் அவள் தன் அறையில் தனியாகப் படுக்கவே இல்லை, தோழியரின் அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ஆகவே அந்தத் தலைப்பை இங்கே மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். இம்முறை வெல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

பறக்கும் தட்டு என்ற பெயர்

1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்டு என்ற விமானி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலைக்கு அருகே ஒன்பது பொருள்கள் அதிவேகமாகப் பறந்து செல்வதைக் கண்டதாகச் சொன்னார். அவை சென்ற விதம், தண்ணீரின்மேல் தட்டைச் சுழற்றி எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படி இருந்தது என்றார். தட்டு என்பது அசைவுக்கு அவர் சொன்ன உவமை, வடிவத்திற்கு அன்று. ஆனால் செய்தித்தாள்கள் 'பறக்கும் தட்டு' என்று தலைப்பிட்டன. அதன் பிறகு மக்கள் கண்டதாகச் சொன்னவற்றுள் பல தட்டு வடிவத்திலேயே இருந்தன! ஐயுறுவோர் இந்தச் சான்றை இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். செய்தியாளர் செய்த பிழையை வேற்றுக்கிரகவாசிகள் ஏன் பின்பற்ற வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அமெரிக்க விமானப் படை 'புளூ புக்' திட்டத்தின் வழி 1969 வரை இத்தகைய அறிக்கைகளைத் திரட்டியது. மொத்தம் 12,618 அறிக்கைகள். அவற்றுள் 701 விளக்கம் காணப்படாமலே எஞ்சின. ஒரே எண்ணிக்கையை இரு தரப்பாரும் தத்தமக்குச் சாதகமாகப் படித்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்குக்கு விடை கிடைத்துவிட்டதே என்றனர் ஒரு சாரார். அந்த ஆறு என்ன என்றனர் மறு சாரார். அத்திட்டத்திற்கு வானியல் ஆலோசகராக இருந்த ஆலன் ஹைனெக் தொடக்கத்தில் கடுமையாக ஐயுற்றவர். பின்னாளில் இது முறையாக ஆராயப்பட வேண்டிய துறை என்று வாதிடும் பக்கம் சேர்ந்தார். விவாதத்தில் கட்சி மாறியவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். அவர்கள் எதிர்த்தரப்பைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று.

இவை வானில் கண்ட காட்சிகள். கடத்தல் கதை வேறு.

ஹில் தம்பதியர்

1961 செப்டம்பர் 19. பெட்டி ஹில்லும் அவருடைய கணவர் பார்னி ஹில்லும் கனடாவில் விடுமுறையைக் கழித்துவிட்டு, நியூ ஹேம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள போர்ட்ஸ்மவுத் நகரில் இருந்த தங்கள் வீட்டிற்கு இரவோடு இரவாகக் காரில் திரும்பிக்கொண்டிருந்தனர். பெட்டி சமூகநலப் பணியாளர். பார்னி அஞ்சல் துறை ஊழியர். பாஸ்டனில் இரவு வேலை. இருவரும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்கள். பார்னி கறுப்பினத்தவர், பெட்டி வெள்ளையர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அத்தகைய திருமணம் சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. 1967இல்தான் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களை நீக்கியது. வழியில் ஒரு விடுதியில் தங்கக் கேட்கவோ ஓர் உணவகத்தில் நுழையவோ அவர்கள் எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மலைப்பாதையில் ஓர் ஒளி தங்களைத் தொடர்வதைப் பெட்டி கண்டார். பலமுறை காரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தனர். பிரான்கோனியா கணவாயைக் கடந்தபின் பார்னி சாலையில் இறங்கி, தொலைநோக்கிவழி பார்த்தார். சன்னல்கள் வரிசையாக உள்ள ஒரு கலம். உள்ளே நின்று தன்னையே பார்க்கும் உருவங்கள். "நம்மைப் பிடிக்கப் போகிறார்கள்" என்னும் பொருள்படக் கத்திக்கொண்டே காருக்கு ஓடி வந்தார். காரை விரட்டினர். காரின் பின்புறத்திலிருந்து 'பீப் பீப்' என்ற ஒலி கேட்டது. பிறகு மீண்டும் அதே ஒலி. இடையில் நடந்தது தெளிவாக நினைவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. பார்னியின் காலணிகளின் மேற்பகுதி உராய்ந்திருந்தது, தொலைநோக்கியின் வார் அறுந்திருந்தது, பெட்டியின் உடை கிழிந்திருந்தது.

மறுநாளே தாங்கள் கண்ட ஒளியைப் பற்றி அருகிலிருந்த பீஸ் விமானப் படைத் தளத்திற்குத் தெரிவித்தனர். பிறகு பெட்டி நூலகத்திற்குச் சென்று பறக்கும் தட்டு பற்றி டொனால்டு கீஹோ எழுதிய நூலை எடுத்துப் படித்தார், அவருக்குக் கடிதமும் எழுதினார். ஏறத்தாழப் பத்து நாள் கழித்து அவருக்குக் கனவுகள் தொடங்கின; தொடர்ந்து ஐந்து இரவுகள். குள்ளமான மனிதர்கள் தங்கள் இருவரையும் கலத்திற்குள் அழைத்துச் சென்று மருத்துவச் சோதனை செய்வதாகக் கனவு. நவம்பரில் அக்கனவுகளை எழுதியும் வைத்தார்.

அக்டோபரில் பாஸ்டன் கோளரங்கத்தைச் சேர்ந்த வால்டர் வெப் அவர்களை நேரில் கண்டு பல மணி நேரம் விசாரித்தார். பொய் சொல்பவர்களாக அவருக்குத் தோன்றவில்லை. பின்னர் வந்த விசாரணையாளர்கள்தாம், இப்பயணத்திற்கு இவ்வளவு நேரம் பிடித்திருக்கக் கூடாதே என்று கேட்டார்கள். கணக்கில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இடித்தது. தொலைந்த அந்த இரண்டு மணி நேரந்தான் இக்கட்டுரையின் தலைப்பு.

அறிதுயில் அறையில்

பார்னிக்கு வயிற்றுப்புண்ணும் இரத்த அழுத்தமும் முற்றின. மருத்துவர் வழியாக மருத்துவரை நாடி, கடைசியில் பாஸ்டனில் பெஞ்சமின் சைமன் என்ற மனநல மருத்துவரிடம் சென்றனர். 1964 ஜனவரி முதல் ஜூன் வரை அவர் இருவரையும் தனித்தனியே அறிதுயிலில் ஆழ்த்தி விசாரித்தார். ஹிப்னாடிசம் என்று நாம் பொதுவாகச் சொல்வதுதான் அறிதுயில். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாதபடி, விழித்ததும் அமர்வில் பேசியது நினைவுக்கு வராதபடி கட்டளையிட்டு அனுப்பினார். அவர் காட்டிய கவனம் பின்னாளில் இத்துறையில் புகுந்த பலரிடம் இல்லை.

அந்த அமர்வுகளில் இருவரும் கடத்தப்பட்ட கதையைச் சொன்னார்கள். பார்னி அலறினார். கடத்தியவர்களின் கண்கள் தலையின் பக்கவாட்டுவரை நீண்டு வளைந்திருந்தன என்றார். பெட்டி தலைவன் போன்ற ஒருவனோடு உரையாடியதாகச் சொன்னார். பார்னியின் பொய்ப்பல் கையோடு கழன்று வந்ததும், தன் பல் ஏன் கழலவில்லை என்று அவர்கள் வியந்தார்களாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதே வேளை, பொய் சொல்பவர் இப்படியொரு செய்தியை வலிந்து சேர்ப்பாரா என்றும் தோன்றியது.

சைமனின் முடிவு என்ன தெரியுமா? இருவரும் பொய் சொல்லவில்லை. வழியில் ஏதோ ஒன்றைக் கண்டு அஞ்சியதும் உண்மை. ஆனால் கடத்தல் நடந்ததன்று. அது பெட்டியின் கனவிலிருந்து பிறந்து, அவர் அதைப் பிறரிடம் சொல்லக் கேட்ட பார்னியின் மனத்திலும் பதிந்துவிட்ட கற்பனை. அறிதுயிலில் ஒருவர் சொல்வது அவர் உண்மை என்று நம்புவதையே காட்டும். உண்மையில் நடந்ததைக் காட்டும் என்பதற்கு உறுதி இல்லை. அமர்வுகளை நடத்தியவரே கூறிய இந்த முடிவை, அமர்வுகளைச் சான்றாகக் காட்டுவோர் பெரும்பாலும் மேலோட்டமாகவே கடந்து செல்கின்றனர்.

இரு தரப்பு வாதங்கள்

நம்புவோரின் வலுவான வாதம் அவர்களின் நடத்தை. ஹில் தம்பதியர் செய்தித்தாளைத் தேடிப் போகவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1965 அக்டோபரில், பாஸ்டன் நாளிதழ் ஒன்று அவர்களின் இசைவின்றியே செய்தியை வெளியிட்டது. ஜான் ஃபுல்லரின் நூல் 1966இல்தான் வந்தது. மதிப்பான வேலையும் சமூகப் பணியும் உடைய, ஏற்கெனவே ஊரார் கண்ணில் விழும் ஒரு கலப்பினத் தம்பதியருக்கு இந்தப் பெயர் எதற்கு? மேலும் சன்னலில் உருவங்களைக் கண்டதை, அறிதுயிலுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் முன்பே பார்னி வெப்பிடம் சொல்லிவிட்டார். அணுவியல் அறிஞர் ஸ்டாண்டன் ஃபிரீட்மன் இவற்றையே திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். பெட்டியின் உறவினரான கேத்லீன் மார்டெனுடன் இணைந்து 2007இல் நூலும் எழுதினார்.

ஐயுறுவோரின் பட்டியல் நீளமானது. அன்றிரவு நிலவுக்கு அருகே வியாழனும் சனியும் ஒளிர்ந்தன. கேனன் மலையின் உச்சியில் விளக்கு எரிந்தது. வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் அவ்விளக்கு இடமும் வலமும் தாவுவதுபோல் தெரியும். கேமரன் மலைக்கு இரவில் காரில் சென்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலம் தொலைந்ததும் வியப்பன்று. பலமுறை நிறுத்திப் பார்த்து, மெதுவாக ஓட்டி, கிளைச்சாலைகளில் நுழைந்தால் இரண்டு மணி நேரம் தானே கரையும். பெட்டியின் கனவுக் குறிப்பில் அம்மனிதர்களுக்குப் பெரிய மூக்கு இருந்தது. அறிதுயிலில் அந்த மூக்கு காணாமல் போய்விட்டது.

1990இல் மார்ட்டின் காட்மையர் மற்றொரு செய்தியைக் கண்டெடுத்தார். பார்னி அந்த வளைந்த கண்களை விவரித்தது 1964 பிப்ரவரி 22இல். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 10 அன்று, ஓர் அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரில் அத்தகைய கண்களையுடைய வேற்றுக்கிரகவாசி தோன்றியிருந்தான். கேட்பதற்குச் சிறப்பாகத்தான் இருக்கிறது. சொற்போரில் இதைச் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. ஆனால் அத்தொடரைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று பெட்டி மறுத்திருக்கிறார். பார்னி பார்த்தார் என்பதற்கும் சான்றில்லை. பார்த்திருக்கக் கூடும் என்பதைப் பார்த்தார் என்றாக்கிக் கைதட்டு வாங்கினேன். நம்புவோர் செய்வதும் இதைத்தானே?

விண்மீன் வரைபடக் கதை இன்னும் சுவையானது. கலத்தின் தலைவன் தனக்கு ஒரு வரைபடத்தைக் காட்டினான் என்று கூறிய பெட்டி, நினைவிலிருந்து அதை வரைந்து கொடுத்தார். ஒஹையோ மாநிலத்தின் பள்ளி ஆசிரியை மார்ஜரி ஃபிஷ், நூலில் மணிகளைக் கோத்துத் தொங்கவிட்டு, சூரியனுக்கு அண்மையிலுள்ள விண்மீன்களின் முப்பரிமாண மாதிரி ஒன்றைப் பல ஆண்டுகள் உழைத்துச் செய்தார். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் பெட்டியின் படம் தெரியும் என்று தேடினார். 39 ஒளியாண்டு தொலைவிலுள்ள 'சீட்டா ரெட்டிகுலி' என்ற இரட்டை விண்மீனே அவர்களின் தாயகம் என்று முடிவு கண்டார். 1974இல் வானியல் இதழ் ஒன்று இதை விரிவாக வெளியிட, பெரும் விவாதம் மூண்டது. கார்ல் சேகன் 1980இல் தம் 'காஸ்மாஸ்' தொடரில் ஒரு சோதனை செய்து காட்டினார். இரு படங்களிலும் புள்ளிகளை இணைக்கும் கோடுகளை நீக்கிவிட்டார். ஒற்றுமை மறைந்துவிட்டது. பிறகு ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் விண்மீன்களின் தொலைவைத் துல்லியமாக அளந்தபோது ஃபிஷின் தேர்வே ஆட்டங்கண்டது. இருந்தாலும் அந்த ஆசிரியைமீது எனக்கு மரியாதை உண்டு. தம் கருத்தை அளந்து பார்க்கக் கூடிய வடிவில் அவர் முன்வைத்தார். அதனால்தான் அது தவறு என்று காட்ட முடிந்தது.

பார்னி 1969இல் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். பெட்டி 2004வரை வாழ்ந்தார். பின்னாளில் அடிக்கடி பல கலங்களைக் கண்டதாக அவர் சொன்னது அவருடைய ஆதரவாளர்களுக்கே சங்கடத்தைத் தந்தது. அவர்களின் ஆவணங்கள் இன்று நியூ ஹேம்ப்ஷயர் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. 2011இல் மாநில அரசு அச்சாலையோரத்தில் ஒரு நினைவுப் பலகையும் நட்டது.

ஆறு சாட்சிகள் இருந்தால்?

ஹில் கதை 1975 அக்டோபர் 20 அன்று தொலைக்காட்சிப் படமாக அமெரிக்கா முழுவதும் ஒளியேறியது. பதினாறு நாள் கழித்து, நவம்பர் 5இல், அரிசோனா காட்டில் மரம் வெட்டும் தொழிலாளி டிராவிஸ் வால்டன் ஓர் ஒளிக்கற்றையால் தாக்கப்பட்டு மறைந்தார் என்று உடன் வேலை செய்த ஆறு பேர் காவல் துறையிடம் கூறினர். ஐந்து நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். தோழர்களில் ஐவர் பொய்யறியும் கருவிச் சோதனையில் தேறினர். வால்டன் முதல் சோதனையில் தேறவில்லை. அது வெளியே சொல்லப்படாமல் இருந்தது. பின்னர் வேறொருவர் நடத்திய சோதனையில் தேறினார். ஐயுறுவோரில் முதல்வரான ஃபிலிப் கிளாஸ் இதையெல்லாம் தோண்டி எடுத்தார். மரம் வெட்டும் ஒப்பந்தம் காலக்கெடுவைத் தாண்டும் நிலையில் இருந்ததையும் சுட்டிக்காட்டினார். அவர்கள் அனைவரும் பொய்யர்கள் என்று மெய்ப்பிக்க முடிந்ததா? இல்லை. பொய்யறியும் கருவி இதயத் துடிப்பையும் வியர்வையையும் அளக்குமே ஒழிய உண்மையை அளக்காது என்பதால், அதை வைத்து எந்தப் பக்கத்திற்கும் தீர்ப்பு எழுத இயலாது. இதற்குமேல் இந்த வழக்கில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஹார்வர்டில் இரு குரல்கள்

1980களில் கதை வீங்கியது. ஓவியர் பட் ஹாப்கின்ஸ் 1981இல் எழுதிய நூலுக்குத் 'தொலைந்த காலம்' என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார். மருத்துவப் பயிற்சி ஏதுமின்றி அவரும் அவரைப் போன்றோரும் மக்களை அறிதுயிலில் ஆழ்த்தினர். 1991இல் ஏறத்தாழ 6,000 அமெரிக்கரிடம் ரோப்பர் நிறுவனத்தின்வழி ஒரு கருத்தாய்வு நடத்தப்பட்டது. 'கடத்தப்பட்டீரா?' என்று நேரடியாகக் கேட்கவில்லை. ஐந்து அறிகுறிகளைக் கேட்டனர். அவற்றுள் நான்குக்கு ஆம் என்றவர் கடத்தப்பட்டிருக்கக் கூடும் என்று வைத்துக்கொண்டு, இருநூறு பேரில் நால்வர் கணக்கில், 37 இலட்சம் அமெரிக்கர் என்றனர்! அறிகுறிகளுள் ஒன்று, உறக்கத்திலிருந்து விழித்து, உடலை அசைக்க முடியாமல், அறையில் யாரோ இருப்பதாக உணர்ந்தது உண்டா என்பது. நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் 'உண்டு' என்றனர். அந்தப் பதினெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஜான் மேக், புலிட்சர் பரிசு பெற்றவர். கடத்தப்பட்டதாகக் கூறியோரைப் பல ஆண்டுகள் சந்தித்து 1994இல் நூல் எழுதினார். இவர்கள் மனநோயாளிகள் அல்லர், இவர்களின் அச்சம் நடிப்பன்று, ஆகவே ஏதோ ஒன்று இவர்களுக்கு உண்மையாகவே நேர்ந்திருக்கிறது என்பது அவர் வாதம். பல்கலைக்கழகம் குழு அமைத்து விசாரித்தது, பதவி பறிபோகவில்லை. அதே ஆண்டில், தாம் பொய்யாகப் புனைந்த கடத்தல் கதையை மேக் நம்பிவிட்டார் என்று ஒரு பெண்மணி வெளிப்படுத்தினார். கலத்தினுள் கென்னடியையும் குருஷேவையும் கண்டதாகக்கூட அவர் அளந்துவிட்டிருந்தார்.

அதே ஹார்வர்டில் உளவியலாளர்கள் ரிச்சர்டு மெக்நாலியும் சூசன் கிளான்சியும் வேறு வழியில் சென்றனர். ஒருவரிடம் 'கட்டில், தலையணை, போர்வை, கனவு, ஓய்வு' என்று சொற்களைப் படித்துக் காட்டுங்கள். சற்றுப் பொறுத்து, 'உறக்கம்' என்ற சொல் அதில் இருந்ததா என்று கேளுங்கள். இருந்தது என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். இவ்வகைச் சோதனையில், கடத்தல் நினைவு மீண்டதாகக் கூறியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தவறினர். இது 2002இல் வெளிவந்த ஆய்வு. 2004இல் வெளிவந்தது அதைவிடச் சிந்திக்க வைப்பது. தங்கள் கடத்தல் கதையை ஒலிப்பதிவில் கேட்டபோது அவர்களுடைய இதயத் துடிப்பும் வியர்வையும் ஏறின. போரிலும் பிற கொடுமைகளிலும் உண்மையாகவே சிக்கியவர்களிடம் காணப்படும் அளவோடு ஒப்பிடத்தக்க அளவில் ஏறின.

இது மேக்கின் வாதத்தை வீழ்த்தியதா, நிறுவியதா? இரண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்களின் அச்சம் நடிப்பன்று என்று மேக் சொன்னது சரி. அச்சம் உண்மையாக இருப்பதால் நிகழ்ச்சியும் உண்மை என்று அவர் தாவியதுதான் நிற்கவில்லை. முழுமனத்தோடு நம்பினால் போதும், உடல் நடுங்கும்.

அமுக்குப் பேய்

கனவு மிகுந்து வரும் உறக்க நிலையில் கண்விழிகள் மட்டும் வேகமாக அசையும். மூளை, கை கால்களுக்குச் செல்லும் கட்டளையைத் தடுத்து வைத்திருக்கும். இல்லாவிட்டால் கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து குதித்து ஓடுவார். சில வேளைகளில் அறிவு விழித்துக்கொள்ளும், தடை மட்டும் நீங்காமல் நிற்கும். கண் திறந்திருக்கும், அறை தெரியும், கனவின் மிச்சமும் அதே அறையில் தெரியும். மார்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் மூச்சை ஆழ இழுக்க முயன்றால் முடியாது. நெஞ்சின்மேல் பாரம் ஏறியது போலிருக்கும். அச்சத்திற்குரிய மூளைப் பகுதி முழு விழிப்பில் இருப்பதால் 'யாரோ இருக்கிறார்கள்' என்ற உணர்வு எழும். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் விலகிவிடும். இதற்கு உறக்க முடக்கம் என்று பெயர்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவினர் இதைக் கிழவி வந்து அமர்வது என்றனர். டேவிட் ஹஃபர்டு 1982இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஜப்பானியர் 'கனாஷிபாரி' என்பர். நம் மலாய் நண்பர்கள் 'கெனா திண்டிஹ்' என்பர். நம் பாட்டிமார் அமுக்குப் பேய் என்பர். தொலைக்காட்சியில் சாம்பல் நிறக் குள்ளர்களைப் பார்த்து வளர்ந்தவர்களின் அறைக்குச் சாம்பல் நிறக் குள்ளர்கள் வந்தார்கள். காட்டில் வழி தவறிக் காணாமல் போனவரை 'ஒராங் பூனியான்' மறைத்து வைத்துவிட்டார்கள் என்று இங்கே சொல்வதும், தொலைந்த இரண்டு மணி நேரத்திற்கு அங்கே கலத்தைச் சொல்வதும் எனக்குத் தூரத்து உறவுகளாகத் தோன்றுகின்றன. 1970 ஆகஸ்டில் புக்கிட் மெர்த்தாஜாம் பள்ளிச் சிறுவர்கள் மூன்று அங்குல உயர வேற்றுக்கிரகவாசிகளைக் கண்டதாகச் சொன்ன கதையும் நம் நாட்டில் உண்டு. அவர்கள் பட்டப்பகலில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களை உறக்க முடக்கத்தில் சேர்க்க முடியாது.

இங்கேதான் என் சொற்போர்ப் பிழையும் இருக்கிறது. ஹில் தம்பதியரும் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கடத்தல் கதைகளுக்கும் உறக்க முடக்கம் என்ற ஒரே சாவியை நான் போட்டேன். நடுவரும் கவனிக்கவில்லை, எதிரே இருந்தவர்களும் கேட்கவில்லை. ஹில் வழக்கில் ஒளி வேறு, தொலைந்த நேரம் வேறு, கடத்தல் வேறு. முதலாவதற்குக் கோளும் விளக்கும், இரண்டாவதற்குப் பயணக் கணக்கும், மூன்றாவதற்குக் கனவும் அறிதுயிலும். மூன்றையும் ஒட்டி ஒரே பொருளாக்குவதில் நம்புவோருக்கும் எனக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

இன்றைய நிலை

2017 முதல் அமெரிக்க இராணுவ விமானிகள் எடுத்த காணொளிகள் வெளிவந்தபின் தலைப்பு மீண்டும் சூடு பிடித்தது. 2021 ஜூனில் வந்த உளவுத்துறை அறிக்கை 144 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து ஒன்றே ஒன்றை மட்டும் உறுதியாக இனங்கண்டது. அது காற்றிறங்கிய பலூன். 2023 ஜூலையில் நாடாளுமன்ற விசாரணையில் டேவிட் கிரஷ் என்ற முன்னாள் அதிகாரி, அரசிடம் வேற்றுலகக் கலங்கள் உள்ளன என்று தாம் பிறர் சொல்லக் கேட்டதாகச் சாட்சியளித்தார். 2024 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சின் ஆய்வு அலுவலகம் அதற்குச் சான்றேதும் கிட்டவில்லை என்று அறிக்கை விட்டது. இவ்வளவு பேச்சிலும் கடத்தல் பெரிதாக அடிபடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பேச்சு மீண்டும் வானத்திற்கே திரும்பிவிட்டது. இரவில் அறைக்குள் அஞ்சிக் கிடந்தவர்களைப் பற்றி இப்போது யாரும் அதிகம் கேட்பதில்லை.

2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுமக்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரும் மாணவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினரும் வாழ்நாளில் ஒரு முறையாவது உறக்க முடக்கத்தை உணர்ந்திருந்தனர். தூக்கம் கெடுவது, நேரந்தவறி உறங்குவது, மன அழுத்தம், மல்லாந்து படுப்பது ஆகியவை அதை வரவழைக்கின்றன. தேர்வு வாரத்து விடுதி அறையை விவரிக்க இதைவிட வேறு சொற்கள் வேண்டுமா?

இவற்றையெல்லாம் படித்து முடித்து, இறுதியாண்டுத் தேர்வுக்கு முன் அந்தத் தங்கையைத் தேடிப் போனேன். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை மறந்துவிட்டதாகச் சொன்னாள். மறந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உறக்கம், தசை, மூச்சு என்று ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப நான் பார்த்தது பொய்யாக்கா?" என்றாள். பார்த்தது பொய்யில்லை, உட்கார ஆள் வரவில்லை, அவ்வளவுதான் என்றேன். பாட்டி கெடாவிலிருந்து ஒரு பாக்குவெட்டி கொடுத்தனுப்பியிருப்பதாகவும், தலையணைக்கு அடியில் இரும்பு இருந்தால் அண்டாது என்று அதை வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுப்பதாகவும், அதன் பிறகு இரண்டு முறைதான் வந்தது என்றும் சொன்னாள். ஒருக்களித்துப் படுப்பதுதான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ரெண்டும் இருக்கட்டுமே அக்கா" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை மடித்து வாங்கிக்கொண்டாள்.